பெருச்சாளிக் கதையின் மறுபாதி

லைன் கூட்டாளிகளே, போன வாரம் நம் வாட்ஸாப் குழுவில் நடந்த கலவரத்தை மறந்திருக்க மாட்டீர்கள். தொடங்கிவைத்தவன் நம் கோல்கீப்பர். பேத்திக்குப் பள்ளிக்கூடத்தில் ‘மோல்’ என்ற பிராணியைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுதிவரச் சொன்னார்களாம். ஒரு படத்தைப் போட்டு, ‘இது இன்னா ஜந்துடா?’ என்று கேட்டான். கண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் மயிர். மூக்கு இளஞ்சிவப்பு. முன்னங்கால் இரண்டும் மண்வெட்டி மாதிரி வெளிப்பக்கம் திரும்பியிருந்தன.

‘பெருச்சாளிக்குக் கண்ணு ஆபரேஷன் பண்ணிக் கெடுத்துட்டாங்க’ என்றான் ஒருவன். தோல் டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தவன், ‘மோல்னா மச்சம்டா, தோல்ல வரும்’ என்று அடித்துச் சொன்னான். போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவன் சும்மா இருப்பானா? ‘உள்ளயே இருந்துக்கினு எதிரிக்குச் சேதி சொல்றவன்தான் மோல்’ என்றான். கடைசி இரண்டு பேர் சொன்னதும் சரிதான். அதனால்தான் இரண்டு பேரும் விடாமல் அடித்துக்கொண்டார்கள். கடைசியில் அந்தக் குழந்தை ஓர் எலிக்குக் கூலிங்கிளாஸ் மாட்டி வரைந்துகொண்டு போனதாம்.

அப்போது எவனோ எழுதினான்: ‘டேய் ஜோக்கர், உன் பெருச்சாளிக் கதைய எடுத்து வுடு. சண்ட ஓயட்டும்.’

நான் பதில் போடவில்லை. போன் கெட்டுப்போய்விட்டது என்று மறுநாள் புளுகினேன். போன் நன்றாகத்தான் இருந்தது. கெட்டுப்போயிருந்தது நான்.

அந்தக் கதையை உங்களில் எல்லோரும் கேட்டிருக்கிறீர்கள். கல்யாணப் பந்தியில் சொல்லியிருக்கிறேன். சாவு வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறேன். பெங்களூருக்கு வேலைக்குப் போகும் காலை ரயிலில், கக்கூஸ் கதவில் முதுகை ஒட்டி நின்றபடி எத்தனையோ தடவை. பெருச்சாளி என் கால்மேல் ஏறி ஓடுகிற இடம் வந்ததும் நீங்கள் விழுந்து விழுந்து சிரிப்பீர்கள். நானும் சிரித்துவிட்டு, கை கழுவ எழுந்துபோய்விடுவேன். கதை அங்கே முடியவில்லை. முடிந்த மாதிரி நான் எழுந்துபோவேன், அவ்வளவுதான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நான் பூதிகோட்டைக்குப் போக வேண்டும். அங்கே ஒருவரிடம் மறுபாதியைச் சொல்ல வேண்டும். நேராகப் போனால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் முதலில் உங்களிடம் சொல்லிப் பார்க்கிறேன். சிரிக்க வேண்டிய இடத்தில் தாராளமாகச் சிரிக்கலாம்.

*

நம் மண்ணில் மோல் கிடையாது. மண்ணுக்குள் போய்வந்தவை இரண்டே இனம். ஒன்று பெருச்சாளி, இன்னொன்று தங்கச் சுரங்கத்தில் இறங்கிய நம் அப்பன்கள்.

அந்த வருஷம் மழை சீக்கிரமே பிடித்துக்கொண்டது. சாம்பியன் ரீப்ஸில் சுரங்கக் கம்பெனி கட்டிய நம் லைன் வீடுகளின் தகரக் கூரை நாள் முழுக்கத் தடதடத்துக்கொண்டிருந்தது. தங்கம் பிரித்த கழிவைக் கொட்டிய சயனைடு மேட்டிலிருந்து வெள்ளை மண் கரைந்து சந்தில் சாம்பல் நிறக் கஞ்சியாக ஓடியது. மேட்டுப் பக்கம் இருந்த வளைகளில் தண்ணீர் புகுந்ததால் பெருச்சாளிகள் நம்மிடம் குடிவந்தன. எங்கள் வீட்டுக்கு வந்தது ஒன்றே ஒன்று. ஆனால் ஒரு குடும்பத்துக்கான வேலையை அது தனியாகப் பார்த்தது.

முதலில் சிவப்புச் சோப்பு போனது. பிறகு களி கிண்டும் துடுப்பின் பிடி. பிறகு என் இடது கால் கேன்வாஸ் ஷூ. வலது கால் ஷூவை அது தொடவே இல்லை. ஒற்றை ஷூவோடு பள்ளிக்கூட அணிவகுப்பில் நின்ற அவமானம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எனக்கு ‘லெப்ட்’ என்று பெயர் வைத்தவர்கள் நீங்கள்தானே.

பின்பக்கம் துணி துவைக்கும் கல்லுக்கு அருகில் தினமும் காலையில் ஈரமண் குவிந்திருக்கும். மண்ணெண்ணெயும் பழைய சாக்கும் கலந்த மாதிரி ஒரு நாற்றம். அம்மா கண்ணாடிச் சில்லைக் குத்தி மண்ணை மெழுகி அடைப்பாள். மறுநாள் பக்கத்தில் புது வாசல் திறந்திருக்கும்.

“வுடுமே. அதுவும் ஷிப்ட்டுக்குத்தான் போய்க்கினு வருது” என்பார் என் அப்பா. “ஹெல்மெட் இல்ல, லைட் இல்ல, கேஜ் இல்ல. நம்மளவிட அதுக்குத்தான் கஷ்டம்.”

“அப்ப உன் சோப்ப அதுக்கே குடு. நீ அழுக்கோட படு” என்பாள் அம்மா.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெருச்சாளி தூங்குகிற பையன்களின் கால் கட்டைவிரலைத் தின்னும், தின்பதற்கு முன் வலிக்காமல் இருக்க ஊதிக்கொள்ளும் என்று நீங்கள் சொல்லி வைத்திருந்தீர்கள். யார் முதலில் சொன்னது என்று இப்போது கேட்கவில்லை. கோல்கீப்பர், தலையைக் குனியாதே. அந்த மழைக்காலம் முழுக்க வலது ஷூவை ஒரு காலிலும், அப்பாவின் கம்பளிச் சாக்ஸை இன்னொரு காலிலும் போட்டுக்கொண்டு படுத்தேன். காலையில் எழுந்ததும் விரல்களை எண்ணுவேன். ஒருநாள் பதினொன்று வந்தது. பயத்தில் தப்பாக எண்ணிவிட்டேன் என்று தெரிந்துகொள்ள அரைநாள் ஆயிற்று.

ஒரு சாயங்காலம், வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில், கடைசியாகத் திறந்திருந்த வாசலையும் நானே அடைத்தேன். அதன்மேல் ஒரு தகரத் துண்டு. தகரத்தின்மேல் உடைந்த அம்மியின் பாதி. பெருச்சாளி உள்ளே இருந்தது. அது ஏன் வேறு பக்கம் தோண்டிக்கொண்டு வரவில்லை என்று புத்திசாலித்தனமாகக் கேட்காதீர்கள். ஒரு பக்கம் அஸ்திவாரக் கல், இன்னொரு பக்கம் மழைத்தண்ணீர், மேலே சிமெண்டுத் தரை. அதற்கும் என்னைப் போலப் புத்தி பேதலித்திருக்கும்.

*

பக்கத்து வீட்டு மாமாவை உங்களுக்கு நினைவிருக்கிறதா? எனக்கு ரத்த சொந்தம் இல்லை. என் அப்பா அவரை மச்சான் என்பார், அவர் மனைவியைத் தங்கச்சி என்பார். அதனால் எனக்கு மாமா, அத்தை. அத்தை என்னை ‘மருமவனே’ என்றுதான் கூப்பிடும். கல்யாணமாகி இரண்டு வருஷம். குழந்தை இல்லை.

மாமாவுக்கு ஒரு பழக்கம். ஷிப்டுக்குப் போகும்போது சாப்பாட்டு டப்பாவால் எங்கள் தகரச் சுவரில் மூன்று தடவை தட்டுவார். டக், டக், டக். சுரங்கத்தில் ஆளை இறக்கி ஏற்றுகிற கூண்டான கேஜுக்கு மூன்று மணி அடித்தால் ஆள் ஏறுகிறது என்று அர்த்தம். நம் லைனில் பால்குடிக் குழந்தைக்கும் அது தெரியும். வேலை முடிந்து வரும்போதும் அதே மூன்று தட்டு. முதலில் எங்கள் சுவரில் தட்டிவிட்டுத்தான் தன் வீட்டுப் படி ஏறுவார். அதைக் கேட்டதும் அத்தை ஸ்டவ்வைப் பற்றவைக்கும்.

நான் வளையை அடைத்த மறுநாள் காலை. மாமா காலை ஷிப்ட். என் அப்பாவுக்கு மதிய ஷிப்ட், இன்னும் படுக்கையில். நான் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் இருக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடித்துக்கொண்டிருந்தேன். தரை ஒரு தடவை தூக்கிப் போட்டது.

ஏர்பிளாஸ்ட் என்றால் இப்போதுள்ள பிள்ளைகளுக்குத் தெரியாது. அடியில், இரண்டு மைல் ஆழத்தில், பாறை பாரம் தாங்காமல் வெடிக்கும். மேலே நம் அலமாரியில் டம்ளர்கள் உருளும். விழுந்த பாத்திரத்தை யாரும் எடுத்துவைக்க மாட்டார்கள். அந்த வீட்டு ஆள் மேலே வந்து சேர்ந்த பிறகுதான் எடுப்பார்கள். பெண்கள் எல்லோரும் வாசலுக்கு வந்து, கேஜை இழுக்கிற ஷாப்ட்டின் பெரிய சக்கரத்தைப் பார்த்தார்கள். சுற்றவில்லை. சங்கு ஊதியது. அப்பா லுங்கியோடு ஓடினார், அம்மா சட்டையோடு அவர் பின்னால் ஓடினாள்.

மூன்று பேர் உள்ளே மாட்டிக்கொண்டார்கள் என்று சேதி வந்தது. மூவரில் மாமா ஒருவர். அப்பா மீட்கப் போகிற கும்பலில் பெயர் கொடுத்துவிட்டு அப்படியே கீழே இறங்கிவிட்டார்.

அத்தை கேட் அருகில் மழையில் நின்றிருந்தது. மத்தியானம் அம்மாவும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து அதை இழுத்துக்கொண்டு வந்தார்கள். அதன் வீட்டில் பாத்திரமெல்லாம் தரையில் கிடந்தது. தாண்டிப் போக அதற்கு மனம் வரவில்லை. எங்கள் வீட்டுக்குள் வந்து, வெறும் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்தது. அழவில்லை, பேசவில்லை, தண்ணீர்கூடத் தொடவில்லை.

“அவருக்குத் தோள்ல மச்சம் கீதுமே. அந்த மாதிரி எடத்துல மச்சம் கீறவனுக்கு ஆயுசு கெட்டி” என்றாள் ஒருத்தி.

“எனக்குந்தான் கீது, எங்கூட்டுக்காரு குடிக்காம வந்தாரா?” என்றாள் இன்னொருத்தி. யாரும் சிரிக்கவில்லை. சொன்னவளே வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்போது தரைக்கு அடியிலிருந்து கேட்டது. டக். டக். டக்.

அத்தை தலையைத் தூக்கியது.

மறுபடியும் டக், டக், டக். பெருச்சாளி மூக்கால் தகரத்தை முட்டி முட்டித் தள்ளுகிறது. தகரம் எழும்பி, அம்மியின் பாரத்தில் திரும்ப விழுகிறது. சில நேரம் இரண்டு, சில நேரம் நான்கு. ஆனால் கேட்க வேண்டியவர்களுக்கு மூன்றாகவே கேட்டது.

“அவருதான். ஆள் ஏறுதுன்னு சொல்றாரு” என்றது அத்தை.

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எவ்வளவு ஆழம் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். வெளியூர்க்காரர்களாக இருந்தால் உடனே எலியைத் தேடியிருப்பார்கள். நம் ஆட்கள் பென்ஷன் தாத்தாவைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

நாற்பது வருஷம் கீழே மரம் முட்டுக் கொடுத்த மனிதர். காது பாதி கேட்காது. பித்தளைச் சொம்பைத் தரையில் கவிழ்த்து, அதன்மேல் கேட்கிற காதை வைத்து, கண்ணை மூடினார்.

“காத்துப் பைப்பத் தட்றான். பாறை வழியா ஏறி வருது. எங்க காலத்துலயும் இப்பிடித்தான் ரெண்டு பேரக் கண்டுபிடிச்சோம்” என்றார்.

அவ்வளவுதான். லைன் முழுக்க எங்கள் வீட்டில். ஒருவர் பின் ஒருவராக வரிசையில் நின்று, செருப்பைக் கழற்றிவிட்டு, தரையில் காதை வைத்துவிட்டுப் போனார்கள். சர்ச்சிலிருந்து பாதிரி ஐயர் வந்து ஜெபம் பண்ணினார். மாரியம்மன் கோயில் பூசாரி குங்குமத்தோடு வந்தவர், ஐயர் முடிக்கும்வரை மரியாதையாகக் காத்திருந்தார். கன்னடக்காரப் போலீஸ்காரர் ஒருவர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு குனிந்து கேட்டுவிட்டு, “ஹௌதப்பா, கேள்ஸ்தாயிதெ. ஆமாப்பா, கேக்குது” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான்கு பேர் ஷாப்ட் கேட்டுக்கு ஓடினார்கள், விஷயத்தைச் சொல்ல. சொல்கிறோம் என்று கேட்டில் இருந்தவர்கள் சொன்னார்களாம். யாரும் வரவில்லை.

போலீஸ் வந்தாயிற்று, கடவுள்கள் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தாயிற்று, இனி என்னைத் தூக்கில் போடுவது ஒன்றுதான் பாக்கி என்று நினைத்தேன். அம்மாவின் முந்தானையை இழுத்துக்கொண்டு அடுப்பு மூலைக்குப் போனேன்.

“ம்மா, அது மாமா இல்லம்மா. பெருச்சாளி. நான்தான் அம்மிக்கல்ல வெச்சு மூடிட்டேன்.”

அம்மா என் வாயை உள்ளங்கையால் மூடினாள். கையில் வெங்காய நாற்றம். அந்தச் சமயம் பார்த்து அத்தையின் குரல்: “அக்கா, கொஞ்சம் காப்பி இருக்குமா?”

காலையிலிருந்து அது பேசிய முதல் சொந்தப் பேச்சு. அம்மா என்னை விடாமல் அங்கேயே நின்றாள். பிறகு மெதுவாகக் கையை எடுத்து, “யார்னா கேட்டா உனக்கு ஒண்ணும் தெரியாது. புரிதா?” என்றாள். ஸ்டவ்வைப் பம்ப் அடிக்கப் போய்விட்டாள்.

புரிகிறதா என்றால்? எனக்கு ஒன்றும் புரியவில்லை. பொய் சொன்னால் முதுகுத் தோலை உரிப்பவள் அவள்.

*

அன்றைக்கு ராத்திரியைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. இவ்வளவு பயந்தவன் எப்படித் தூங்கினேன் என்று தெரியாது, ஆனால் தூங்கினேன்.

காலையில் தட்டு மெலிந்துவிட்டது. ஒன்று வரும், வெகுநேரம் கழித்து இன்னொன்று. பிறகு அதுவும் இல்லை.

“நிறுத்திட்டாரு” என்றது அத்தை. எழுந்து உட்கார்ந்து, தரையைக் கையால் தட்டியது. “இன்னாத்துக்கு நிறுத்திட்டாரு? அக்கா, இன்னாத்துக்கு?”

அம்மா என்னைப் பார்த்தாள். கண்ணை மட்டும் பின்கதவுப் பக்கம் திருப்பினாள்.

போனேன். தூறிக்கொண்டிருந்தது. அம்மியைப் புரட்டி, தகரத்தை ஒரு விரல் அளவு தூக்கினேன். பெருச்சாளி செத்துக் கிடக்கும் என்று நினைத்தேன். அது அப்படி நினைக்கவில்லை. ஈரமும் மயிரும் நாற்றமுமாக ஒரு மூட்டை என் வெறுங்கால்மேல் ஏறி, முழங்கால்வரை வந்து, வழி தப்பு என்று தெரிந்து இறங்கி, சயனைடு மேட்டைப் பார்த்து ஓடியது. கத்தக் கூடாது. உள்ளே நாற்பது பேர். சட்டைக் காலரை வாயில் திணித்துக்கொண்டு ஒற்றைக் காலில் குதித்தேன். குதித்துக்கொண்டே விரல்களை எண்ணினேன்.

இங்கேதான் நீங்கள் சிரிப்பீர்கள். இங்கேதான் நான் எழுந்து கை கழுவப் போவேன்.

போகாமல் இருந்தால் அடுத்து நடந்தது இது. பெருச்சாளி போய்விட்டது, தட்ட ஆள் இல்லை. கீழே கிடந்த ஒரு கல்லை எடுத்தேன். தகரத்தை வளைவாயில் வைத்து மூன்று தடவை தட்டினேன்.

உள்ளே ஓவென்று ஒரு சத்தம். “கீறாரு! கீறாரு!” யாரோ அல்லேலூயா என்றார்கள், யாரோ தாயே என்றார்கள்.

ஒருமுறை தட்டியாயிற்று, அப்புறம் எப்படி நிறுத்துவது? நூறு எண்ணி மூன்று தட்டலாம் என்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். அறுபதைத் தாண்டும்போது எழுபதா எண்பதா என்று குழம்பும். நடுவில் சீக்கிரம் தட்டிவிட்டால், மாமா பதறுகிறார் என்று உள்ளே அழுகை. தாமதமானால், மாமா சோர்ந்துவிட்டார் என்று அழுகை. ஒன்றுக்கு வேறு முட்டிக்கொண்டு வந்தது. கொஞ்ச நேரத்தில் எனக்கே ஒரு சந்தேகம் வந்துவிட்டது: நான் நிறுத்தினால் கீழே மாமா நிஜமாகவே செத்துப்போவாரோ? அந்தச் சந்தேகம் வந்த பிறகு ஒன்றுக்குப் போகிற எண்ணமே போய்விட்டது. நின்ற இடத்திலேயே போய்விட்டது என்பது வேறு விஷயம்.

அப்போது சந்தில் ஒரு ஆள் வந்தார். கடைசி வீட்டுக்காரர். லைனில் அவருக்குப் பெயர் ‘காது’. யார் சாப்பாட்டு டப்பாவில் தங்கக் கல் கடத்துகிறார்கள் என்று கம்பெனிக்குச் சொல்லிக் கொடுக்கிறவர் என்று அவரிடம் யாரும் பேச மாட்டார்கள். அவர் வீட்டுக் கதவில் கரியால் பெரிய காது வரைந்தவர்கள் நாம்தான். எங்கள் வீட்டுக்குள் வர அவருக்குத் தைரியம் இல்லை. பின்பக்கமாக நின்று கேட்டுவிட்டுப் போக வந்திருந்தார்.

“இன்னாடா பண்ற?” என்றார்.

கல் கையில். தகரம் காலடியில். டவுசர் ஈரம். போச்சு, ஊர் முழுக்கத் தெரியப் போகிறது, பத்து நிமிஷத்தில் கம்பெனிக்கே போய்விடும் என்று அழ ஆரம்பித்தேன்.

அவர் வளையைப் பார்த்தார். உள்ளே அத்தை யாரிடமோ, “தோ, இப்ப தட்டுவாரு பாரு” என்பது கேட்டது. அவர் தோளில் கிடந்த கோணியை எடுத்து, ஒரு முனையை உள்ளே மடக்கிக் கொங்காணியாக என் தலையில் மாட்டினார்.

“நனையாத” என்றார். போய்விட்டார்.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. அன்றைக்கு மட்டும் இல்லை, சாகிறவரைக்கும். நானோ அதற்கப்புறமும் இரண்டு தடவை அவர் கதவில் காது வரைந்தேன். வரையாமல் இருந்தால் உங்களுக்குச் சந்தேகம் வருமே என்று.

*

போன மாதம் பூதிகோட்டைக்குப் போயிருந்தேன். அத்தை அங்கே தன் அண்ணன் மகன் வீட்டில் இருக்கிறது. எழுபதைத் தாண்டிவிட்டது. கண் புரை எடுத்தும் சரியாகத் தெரியவில்லை, என் குரலைக் கேட்டதும், “மருமவனே, தலையில மயிர் கீதா?” என்றது. இல்லை என்றேன். சிரித்தது. தக்காளி கூடைகளுக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்காரவைத்தது.

பிறகு வழக்கம்போல அங்கே வந்து சேர்ந்தது.

“ஒன்றர நாள் தட்டினாரு மருமவனே. ஒன்றர நாளு. சொல்லி அனுப்புனோம், யாரும் காது குடுக்கல. இன்னும் கொஞ்சம் சீக்கிரம் தோண்டியிருந்தா? அத நெனச்சாதான் எனக்கு இன்னிக்கும் சோறு எறங்க மாட்டேங்குது.”

என் அப்பா என்னிடம் சொல்லியிருக்கிறார், நான் வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு. பாறை விழுந்த அந்த நிமிஷமே மாமா போய்விட்டார். தட்டவும் இல்லை, கூப்பிடவும் இல்லை, காத்திருக்கவும் இல்லை. அத்தையிடம் அப்போதே இதைச் சொன்னார்களாம். அது நம்பவில்லை. எப்படி நம்பும்? அதன் காதால் கேட்டதாயிற்றே.

அன்றைக்கு ஒரு வாய் காப்பி இறங்கட்டும் என்று அம்மா மூடிய என் வாயால், இத்தனை வருஷமாக அத்தைக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா செய்தது தப்பு என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. சரி என்று சொல்லவும் எழவில்லை. இப்போது நான் போய் அது பெருச்சாளி என்று சொன்னால், மாமா ஒன்றரை நாள் தவித்தார் என்கிற வேதனை போய்விடும். கூடவே, கடைசியாக மாமா தன்னைக் கூப்பிட்டார் என்பதும் போய்விடும். இரண்டில் எது அத்தைக்குப் பெரியது? ரயிலில் மூன்று வாரமாக யோசிக்கிறேன். ஒருநாள் யோசித்துக்கொண்டே நடுவழியில் மாலூரிலேயே இறங்கிவிட்டேன்.

இருந்தாலும் போகத்தான் போகிறேன். ஏனென்றால் கடைசித் தட்டுகள் பெருச்சாளியும் இல்லை.

*

இரண்டாம் நாள் மத்தியானம் மழை நின்றது. கோணியை மாட்டிக்கொண்டு நான் எண்ணிக்கொண்டிருந்தேன். சந்து முனையில் பூட்ஸ் சத்தம். என் அப்பா.

முகம் முழுக்கச் சாம்பல் நிறத் தூசி, கண் இரண்டும் மட்டும் சிவப்பு. ஒன்றரை நாளாகக் கீழே இருந்த மனிதர் முன்வாசல் வழியாக வராமல் பின்பக்கமாக வருகிறாரே என்று எனக்குத் தோன்றவில்லை. என்னைக் கண்டுபிடித்துவிட்டார் என்று மட்டும்தான் தோன்றியது. கல்லை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

“இன்னாடா இது?”

சொல்லிவிட்டேன். ஷூவில் ஆரம்பித்து எல்லாவற்றையும். அவர் துவைக்கிற கல்மேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அடிக்கவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

“தங்கச்சி இன்னா பண்ணுது?” என்றார்.

“சாப்புடுது நைனா. அம்மா களி கிண்டிச்சு. நேத்திக்கு முச்சூடும் ஒண்ணும் சாப்புடல, இப்பதான் உக்காந்துது.”

உள்ளே அத்தையின் குரல் கேட்டது: “அக்கா, அவரு வந்தா அவருக்கும் கொஞ்சம் வெச்சிருங்க.” பிறகு, “இன்னா, ரொம்ப நேரமாச்சு, தட்டவே இல்ல?”

அப்பா கையை நீட்டினார். கல்லைக் கொடுத்தேன். குனிந்து, தகரத்தின்மேல், என்னைவிட நிதானமாக, சரியான இடைவெளி விட்டு மூன்று தட்டினார். கேஜ் மணி அடித்துப் பழகிய கை. டக். டக். டக். உள்ளே, “தோ!” என்று அத்தை சொன்னது. தட்டில் கை வைக்கிற சத்தம்.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. பார்த்துவிட்டு வந்த அப்பாவே தட்டுகிறார் என்றால் மாமா இருக்கிறார் என்றுதானே அர்த்தம்? என் பொய் உண்மையாகிவிட்டது, எனக்குத் தூக்கு இல்லை.

“மாமா எந்த லெவல்ல கீறாரு நைனா? எப்ப வருவாரு?”

கல்லைத் திரும்ப என் கையில் வைத்தார். அவர் விரல்கள் சில்லென்று இருந்தன.

“அது கை கழுவுற வரைக்கும் தட்டு” என்றார்.

எழுந்தார். தொட்டித் தண்ணீரில் முகத்தைக் கழுவினார். கழுவிய முகத்தையே மறுபடி கழுவினார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு முன்வாசல் பக்கம் சுற்றிப் போனார். நான் இடைவெளி விட்டு, அவரைப் போலவே நிதானமாகத் தட்டினேன். நன்றாக வந்தது. உள்ளே சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. முன்கதவு திறந்தது. பேச்செல்லாம் நின்றது. அப்பா ஏதோ சொன்னார், எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. அத்தை கத்தியது. மாமா வந்துவிட்ட சந்தோஷமா, வேறா என்று எனக்குத் தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் மூன்று தட்டினேன்.